சூரத்திலிருந்து திரும்பிய திருமூர்த்தி

சத்தியமாகச் சொல்லுகிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும், நான் குடிக்கிற டீ எனக்கு விஷமாகட்டும், இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் எழுந்து வாருங்கள், சிலம்பாற்றுத் தண்ணீரிலேயே கையை முக்கிச் சத்தியம் பண்ணுகிறேன்; உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் அந்தத் தண்ணீரில் கை வெந்துதான் போகும் என்பது வேறு விஷயம். இவ்வளவு சத்தம் போட்டுச் சொல்லுவதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரன் மெல்லச் சொல்லுகிற எதையும் நீங்கள் நம்பக்கூடாது.

எங்கள் ஊர் சிலம்பங்கரை. ஈரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, மேற்கே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், ஜன்னல் வழியாக முதலில் ஒரு வாடை வரும், வாடைக்குப் பின்னால் ஆறு வரும், ஆற்றுக்குப் பின்னால் நாங்கள் வருவோம். துணி வெளுக்க வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் அது. அந்தக் காலத்துத் தண்ணீரில் வெளுத்து வெயில் பாறையில் விரித்த வேட்டியைப் பார்த்துக் கொக்குகள் தம் இனமென்று வந்து உட்காருமாம். பிறகு தறி வந்தது, தறிக்குப் பின்னால் பனியன் வந்தது, பனியனுக்குப் பின்னால் சாயப்பட்டறைகள் வந்தன, வந்தவை ஆற்றின் இரண்டு கரையிலும் பந்திக்கு உட்கார்ந்ததுபோல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. மேலே ஒருவர் சிவப்பை விடுவார், அடுத்தவர் நீலத்தை விடுவார், அதற்கடுத்தவர் பச்சையை விடுவார், பாலத்துக்கு வந்து சேரும்போது பேர் தெரியாத ஒரு நிறத்தில் ஆறு நுரைத்துக்கொண்டு போகும்.

எங்கள் பேச்சும் அந்த ஆறு மாதிரிதான். ஒருவர் ஒரு சேதி சொன்னால், கேட்டவர் அதை வாங்கிய மாதிரியே அடுத்தவரிடம் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா? அதுபோலத் தன் பங்குக்கு ஒரு சிட்டிகை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். மேலத்தெருவில் ஒருவருக்குத் தும்மல் வந்தால், கீழத்தெருவுக்கு வரும்போது அவருக்கு நாட்டு வைத்தியம், ஆஸ்பத்திரி, ரத்தம் ஏற்றிய கதை எல்லாம் சேர்ந்து வந்திருக்கும்; கடைசித் தெருக்காரர்கள் துக்கம் கேட்கப் போவார்கள், தும்மியவரே எழுந்து வந்து அவர்களுக்குக் காப்பி கொடுப்பார். யாரும் யாரையும் பொய்யரென்று சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை, திருமூர்த்தி விஷயம் வரைக்கும்.

திருமூர்த்தி கிட்டுசாமி முதலாளியின் பட்டறையில் சாயத்தொட்டி வேலை பார்த்தவன். ஒல்லி, உயரம், பேச்சுக் குறைவு. மயிலாத்தாளைக் கட்டியிருந்தான், குழந்தை இல்லை, இரண்டு பேரும் சாயங்காலத்தில் பாலத்துக்கு நடந்து போய், பட்டாணி வாங்கித் தின்றுகொண்டே திரும்பி வருவார்கள். அவர்களைப்பற்றி ஊரில் பேச வேறொன்றும் இருக்கவில்லை என்பதே அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதற்குச் சாட்சி.

பட்டறைக்குப் பின்னால், சாயக்கழிவு வந்து தேங்குவதற்குத் தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி உண்டு. மேலே கான்கிரீட் பலகை, உள்ளே சேறு, சேற்றுக்குள் விஷக்காற்று. மறுநாள் மேலிடத்து அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்று காலையில், குழாய் அடைத்துக்கொண்டது. சாய மாஸ்டர் மரியதாஸ் சொன்னதன்பேரில் திருமூர்த்தி உள்ளே இறங்கினான். அவன் மேலே வரவில்லை. கயிறு விட்டுப் பார்த்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. சேறு அவனை மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மட்டமாகக் கிடந்தது.

ஆள் செத்தது தெரிந்தால் கிட்டுசாமியின் பட்டறைக்கு மட்டும் பூட்டு விழாது. ஆற்றங்கரை முழுக்கப் பூட்டுவார்கள். பூட்டினால் சாயம் இல்லை, சாயம் இல்லாவிட்டால் பனியன் இல்லை, பனியன் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து மணிகூட அடிக்காது என்று பட்டறைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பலகையை இழுத்து மூடினார்கள். பக்கத்தில் வேறொரு தொட்டி தோண்டிக் குழாயைத் திருப்பிவிட்டார்கள். இதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்தது என்று நினைக்காதீர்கள். அன்று மத்தியானத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான்.

அவள் சாயங்காலம் பட்டறை வாசலுக்கு வந்து, ஏனுங்க, எங்க ஊட்டுக்காரர் இன்னும் வரலைங்களே என்று கேட்டாள். மரியதாஸ் மாஸ்டர் மோசமான மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருடைய வாய்தான், அவரைக் கேட்காமலே, திருமூர்த்தி காலை பஸ்ஸில் ஒரு பையோடு போனானே அம்மணி, சூரத்தில் நல்ல வேலை என்று சொன்னானே, உன்னிடம் சொல்லவில்லையா என்று கேட்டுவிட்டது.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் வேலைவிடுகிற சங்கு ஊதும்போதெல்லாம் அவள் ஏதாவதொரு வாசலில் வந்து நின்றாள். கேட்பது ஒரே கேள்வி. அழுவதில்லை, சண்டை போடுவதில்லை.

"இருக்காரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க. இருந்தா இருக்கட்டும், நான் காத்திருக்கறேன். இல்லைன்னா அழுது முடிச்சுக்கறேன். ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டு நெத்தியில பொட்ட வெக்கறதா அழிக்கறதான்னு தெரியலைங்க."

இப்படிக் கேட்கிறவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எங்கள் ஊருக்கு மனம் வருமா? கண்டக்டர் சுந்தரவடிவேலு, தானே டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாகவும், ஏறுகிற அவசரத்தில் அவன் படியில் இடது காலை இடித்துக்கொண்டு நொண்டியதாகவும் சொன்னார். பணியாரக்கடைச் சிட்டம்மாள், தன் அக்காள் மகன் சூரத்தில் அவனைப் பார்த்ததாகவும், சிரித்தபோது வலது பக்கத்தில் ஒரு தங்கப்பல் மின்னியதாகவும் சொன்னாள். எதிர்க்கடைக்காரர் அது இடதுபக்கம் என்றார். ஒருவர் அவனுக்கு மீசை காதுவரைக்கும் வளர்ந்துவிட்டது என்றார், இன்னொருவர் வழித்துவிட்டான் என்றார். தொப்பை போட்டுவிட்டது, கைக்கடிகாரம் கட்டியிருக்கிறான், இந்தியில் கனவு காண்கிறான். அவளும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, சரிங்க என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறுபடியும் வந்து நின்றாள்.

கடைசியில் கிட்டுசாமி முதலாளியே முடிவு கட்டினார். மாரியம்மன் நோன்பு அன்று, கூட்டத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தை எவ்வளவு வருத்தமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வருத்தமாக வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்லுவதென்று தெரியவில்லை அம்மணி, அவன் அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், இரண்டு குழந்தையும் ஆகிவிட்டது, இனி அவனை நினைத்துக்கொண்டு நிற்காதே என்றார். போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இரண்டு குழந்தை எப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யாரோ, இரட்டை என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் பெண்கள் மயிலாத்தாள் வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடிப்பென்று நினைக்காதீர்கள். நாங்களே செய்த பொய்க்கு நாங்களே மனமுருகி அழுதோம். அந்தப் பாவியை நாலு வார்த்தை திட்டினோம். செத்துச் சேற்றில் கிடந்தவனை, கட்டினவளுக்குத் துரோகம் பண்ணியவன் என்று திட்டினோம்.

அதற்கடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்கால பஸ்ஸிலிருந்து திருமூர்த்தி இறங்கினார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டில் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். இடது காலை நொண்டிக்கொண்டு இறங்கினார். தொப்பை இருந்தது. கடிகாரம் இருந்தது. சிரித்தபோது வலதுபக்கம் ஒரு தங்கப்பல்லும் இடதுபக்கம் ஒரு தங்கப்பல்லும் மின்னின. மீசை ஒரு பக்கம் காதுவரைக்கும் போயிற்று, மறுபக்கம் சுத்தமாக வழித்திருந்தது. சுந்தரவடிவேலு மட்டும் விசிலை வாயில் வைத்தபடி, இவர் எந்த நிறுத்தத்திலும் ஏறவில்லையே, எப்படி இறங்குகிறார் என்று தன் தோள்பைக்குக்கூடக் கேட்காதபடி முணுமுணுத்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் விசில் அடித்துவிட்டார்.

சிட்டம்மாள் பணியாரம் எடுத்துக் கொடுத்தாள். வந்தவர் வாங்கித் தின்றார். பயணமெல்லாம் சௌகரியமா என்று ஒருவர் கேட்க, சௌகரியமுங்க, ரயிலில்தான் கூட்டம் என்றார். முடிதிருத்தும் கடைக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்து, இருந்த பாதி மீசையையும் எடுத்து முகத்தைச் சமன் செய்துவிட்டார். இருட்டுவதற்குள் அவர் ஊருக்குப் பழகிவிட்டார். அதாவது, அவரை நேராகப் பார்க்காமல் பேச ஊர் பழகிவிட்டது. ஒவ்வொருவரும் அவரிடம் தாங்கள் போட்ட சிட்டிகையை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். சிட்டம்மாளுக்கு அந்தப் பல் மின்னும்போதெல்லாம் பணியாரம் கருகியது.

மயிலாத்தாளுக்கு அவர் யாரென்று தெரிய ஒரு பொழுதுகூட ஆகவில்லை. நாங்கள் அவனைப்பற்றிப் பேசியது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, நாங்கள் பேசாத ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சூரத்தின் தெருக்கள் தெரியும். தன் அம்மா பேர் தெரியாது, ஏனென்றால் அந்தம்மாளைப்பற்றி நாங்கள் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. மயிலாத்தாளை ஊர் கூப்பிடுகிற மாதிரியே மயிலாத்தா என்று கூப்பிட்டார். வீட்டுக்குள் திருமூர்த்தி அவளை வேறென்னவோ சொல்லிக் கூப்பிடுவானாம். அது என்னவென்று ஊருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் அவள் அவரைத் துரத்தவில்லை. வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டாள், சோறு போட்டாள், வாங்க போங்க என்று பேசினாள். அவருக்கு நன்றாகப் பசித்தது. அதைவிட நன்றாக வெட்கப்பட்டார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவருடைய நெஞ்சுக்குள் உண்மையாக நடந்து முடிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே திரிந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் இரண்டு கையாலும் வாங்கினார். நான் பண்ணியது மன்னிக்கிற காரியமில்லை என்று அவர் தினமும் சொல்ல, நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை, சாப்பிடுங்கள் என்று அவள் தினமும் சொன்னாள். சிலம்பங்கரையில் அப்போது வெட்கப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான், அவர் ஒருவர்தான் அந்த ஊரில் எந்தத் தப்பும் பண்ணாதவர்.

கிட்டுசாமி அவருக்குப் பழைய வேலையைக் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? சூரத்துக்குப் போனவன் திரும்பி வந்தால் வேலை கொடுக்க வேண்டியதுதானே.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது. பக்கத்துப் பட்டறையில் ஒரு நாள் தொட்டி அடைத்துக்கொண்டது. இறங்கிய இரண்டு பேர் மயங்கிவிட, அவர்களை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சூரத்திலிருந்து வந்தவர் அந்த வழியாகப் போனார்; நான் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே இறங்கினார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. சேற்றையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு, மேலே வந்து, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக ஒரு டீ கேட்டார். விஷக்காற்று அவரை ஒன்றும் செய்யவில்லை. செத்தவன் மறுபடி எப்படிச் சாவான் என்று ஒருவர் மனதுக்குள் நினைத்தார், உடனே எல்லோரும் அதையே நினைத்தார்கள், வெளியில் எல்லோரும் சொன்னது: உடம்புவாகு அப்படி.

அதற்குப் பிறகு அவரை ஒரு பட்டறை விட்டால் இன்னொரு பட்டறை பிடித்துக்கொண்டது. வடகரைத் தொட்டிகள், தென்கரைத் தொட்டிகள், பழைய தொட்டிகள், மூடியே திறக்காத தொட்டிகள், எல்லாவற்றிலும் அவரை இறக்கினோம். மழைக்காலத்தில் ஒன்றிலிருந்து ஏறி இன்னொன்றில் இறங்கினார். எங்கள் பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள், தங்கள் புருஷன்மார் இனி இறங்க வேண்டியதில்லை என்று. எல்லாம் மாரியம்மன் அனுப்பிவைத்த ஆள் என்று சொல்லிக்கொண்டோம். மாரியம்மன் எதிரே நின்றபோது மட்டும் அதைச் சொல்லவில்லை. பட்டறை முதலாளிகள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். உழைப்பால் ஊரைக் காத்தவர் என்று ஒருவர் பேசினார், ஆற்றின் மைந்தன் என்று ஒருவர் பேசினார். அவர் இரண்டு தங்கப்பல்லும் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நின்ற மயிலாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. நாங்கள் விளங்கித்தான் தட்டினோம்.

மயிலாத்தாள் கைதட்டவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு மறுநாள் தெரிந்தது.

மறுநாள் சங்கு ஊதுகிற நேரத்தில் அவள் கிட்டுசாமியின் பட்டறை வாசலுக்கு வந்தாள். வந்தவரும் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தார். வேலை முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக முதலாளியிடம் போய் நின்று, மெல்லவும் இல்லாமல் சத்தமாகவும் இல்லாமல் கேட்டாள்.

"ஏனுங்க முதலாளி, ஊர்த்தொட்டி அத்தனையிலும் இவரு எறங்கீட்டாரு. உங்க பட்டறையில வேலை பாக்கறவரு, உங்க பழைய தொட்டிக்கு மட்டும் ஏனுங்க கூப்புடவே இல்லை?"

கிட்டுசாமி, அது உபயோகமில்லாமல் கிடக்கிற தொட்டி அம்மணி, அதில் ஒன்றும் இல்லை என்றார்.

"ஒன்னும் இல்லைன்னா பாத்துட்டு வரட்டுமுங்க."

மரியதாஸ் மாஸ்டர் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். வந்தவருக்குத்தான் எதையும் மறுக்கத் தெரியாதே; அவர் போய்ப் பலகையைத் தனியாளாகப் புரட்டித் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். வழக்கம்போலப் பாட்டுக் கேட்டது. நடுவில் பாட்டு நின்றது. பிறகு அவர் குரல் மேலே வந்தது, பயமில்லாமல், ஒரு சேதி சொல்லுகிற மாதிரி.

"இங்க ஒருத்தர் படுத்திருக்காருங்க. பாத்தா என்னைய மாதிரியே இருக்காரு."

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏணியில் ஏறி வந்தார். உப்பும் சாயமும் ஊறிய சேறு உடம்பைக் கெடவிடவில்லை. தலையிலிருந்து கால்வரைக்கும் நீலமாக, ஒல்லியாக, உயரமாக இருந்தான். தொப்பை இல்லை. தங்கப்பல் இல்லை. இடது காலில் ஒரு கீறல்கூட இல்லை. வந்தவர் அவனைக் கீழே கிடத்தி, தன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, இவர் யாருங்க என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அவன் செத்துப்போனான் என்று நாங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?

கிட்டுசாமி வாயைத் திறந்தார். வடக்கத்தி ஆள், வேலை தேடி வந்து தவறி விழுந்திருப்பான் என்று சொல்லப்போகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வாயும் தயாராகிவிட்டது. ஒருவர் அவனுக்கு ஒரு பேர் வைத்திருப்பார், ஒருவர் அவன் ஊரைச் சொல்லியிருப்பார், ஒருவர் அவன் பீடி கேட்டதை நேரில் பார்த்திருப்பார். அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் சாயங்கால பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கிட்டுசாமி சாலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார். எங்களுக்கு மனசாட்சி வந்துவிட்டதென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்து எவன் வந்து இறங்குவானோ என்ற பயம்தான்.

மயிலாத்தாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. நானா சொல்றதவிட நீங்க சொன்னா நல்லா இருக்கும்" என்றாள்.

ஒரு பேரையும் ஒரு வார்த்தையையும்தான் அவள் கேட்டாள். இவ்வளவு பேச்சுப் பேசிய ஊர், தும்மலுக்கு ரத்தம் ஏற்றிய ஊர், அந்த ஒரு வார்த்தைக்கு வாயைத் திறக்கவில்லை. சிட்டம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் எங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள், எல்லோரும் நின்ற இடத்தில்தான் நின்றேன்.

அவள் எங்களை விட்டுத் திரும்பினாள். பிறகு அவனருகில் உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் எடுத்துவிட்டு, "இது என்ற ஊட்டுக்காரருங்க. பேரு திருமூர்த்தி. செத்துப்போயிட்டாருங்க" என்று எங்கள் சார்பில் அவளே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.

வந்தவர் அவளையும் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மெதுவாகத்தான் புரிந்துகொள்வார், ஆனால் புரிந்துகொண்டார். அப்போ நான் யாருங்க என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நீங்கள் சூரத்துக்குப் போங்கள் என்றாள். அங்கே உங்கள் வீட்டுக்காரியும் இரட்டைப் பிள்ளைகளும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றாள். அதெல்லாம் இவர்கள் சொன்ன பொய்தானே என்று அவர் மெல்லக் கேட்டார்.

"நீங்களும் அதே பொய்தானுங்க. உங்களுக்குப் பசிக்கலையா? அதுகளுக்கும் பசிக்கும், போங்க. நான் நின்ன மாதிரி அந்தப் பொண்ணும் வாசல்ல நிக்கக்கூடாது."

இதைக் கேட்டபோது கிட்டுசாமி உட்கார்ந்துவிட்டார். நாக்கு ஒருமுறை புரண்டதில் தான் பெற்றுப்போட்ட ஒருத்தி, இரண்டு சிசுக்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு தெருவில் நிற்கிறாள் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதேயில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. இட்டுக்கட்டியவர்கள் நாங்கள்; அவர்களுக்குப் பசிக்கும் என்று நினைத்தவளோ அந்தப் பேச்சால் நெஞ்சு வெந்தவள்.

அவர் அவளைக் கும்பிட்டார். பொன்னாடை வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகட்டுமா, குழந்தைகளுக்குப் போர்த்தலாம் என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினார். சுந்தரவடிவேலு அவரை ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, அவர் காலடியில் கிடந்த மூட்டையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாராம், அந்த இடது கால் இடிக்காமல் இருக்கட்டும் என்று.

மயானத்துக்கு ஊர் திரண்டு வந்தது என்று நான் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் வரவில்லை. வரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாத அளவு கிட்டத்திலும், வந்தார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாத அளவு தூரத்திலும் நின்றோம். மயிலாத்தாளின் அண்ணன் ஆட்கள் வெளியூரிலிருந்து வந்து பாடை தூக்கினார்கள். நீல உடம்பு எரிந்தபோது புகையும் நீலமாகப் போனது. வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தும் எங்கள் கண்ணிலிருந்து அது இறங்கவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், பூட்டினார்கள், கொஞ்ச காலம் ஆறு வெறும் தண்ணீராக ஓடியது. அடியில் பாறை தெரிய ஆரம்பித்ததும் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பூட்டுத் திறந்தது. ஊர் பழையபடி ஓடுகிறது. பேச்சுதான் குறைந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் ஒரு சேதி சொன்னால் மற்றவர்கள் அப்படியா என்று கேட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தொட்டிகளில் இப்போது எங்கேயோ தூரத்திலிருந்து வந்த பையன்கள் இறங்குகிறார்கள். அவர்கள் பேர் எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவன் மேலே வராமல் போனால், வாசலில் வந்து நிற்க ஆளும் கிடையாது, பொய் சொல்லுகிற சிரமமும் எங்களுக்குக் கிடையாது.

மயிலாத்தாள் ஊரைவிட்டுப் போகவில்லை. பனியன் கம்பெனியில் துணியைப் பார்த்துப் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போகிறாள். சங்கு ஊதினால் எங்கள் வாசல்களைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். கடந்து போகிறாள். நாங்கள் நின்றால் நின்று, நல்லா இருக்கீங்களா என்கிறாள். அதற்குமேல் எங்களிடம் அவள் எதையும் கேட்பதில்லை. அவள் தினமும் வந்து நின்று கேட்ட காலத்தில்கூட எங்களுக்கு இவ்வளவு கூசியதில்லை.

சரி, கேட்டாயிற்றல்லவா, எழுந்து போங்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒன்றும் சேர்க்காமல் சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் என் பேரை எடுக்காதீர்கள். கிழவன் என்றோ, செருப்பு அறுந்தவன் என்றோ அடையாளம்கூட வேண்டாம். ஊர்க்காரர்களுக்குப் பயந்து சொல்லவில்லை. அவர்கள் என்னை என்ன செய்துவிடுவார்கள்? இது அவள் காதுக்குப் போனால், இவ்வளவு விவரமாகச் சொல்லத் தெரிந்த மனிதர் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை ஏனுங்க சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாளோ என்றுதான்.